முறியாத பாய்மரம்

1. பேப்பூரின் உரு

கேரள மாநிலத்தில் கோழிக்கோடு நகரம் இருக்கிறது. அதற்குத் தெற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தூரத்தில் பேப்பூர் உள்ளது. இங்கே சாலியாறு கடலில் கலக்கிறது.

பேப்பூருக்கு ஒரு பெருமை உண்டு. இங்கே மரத்தால் பெரிய கப்பல்கள் கட்டுகிறார்கள். இந்தக் கப்பலுக்கு 'உரு' என்று பெயர். பல நூற்றாண்டுகளாக இந்தத் தொழில் நடந்து வருகிறது. அரபு நாட்டு வணிகர்கள் இங்கே வந்து உரு கட்டி வாங்கிப் போனார்கள்.

நிலம்பூர்க் காட்டுத் தேக்கு புகழ் பெற்றது. அந்தக் காலத்தில் தேக்கு மரங்களை ஆற்றில் மிதக்க விட்டுக் கொண்டு வந்தார்கள். அந்த மரத்தால் உரு கட்டினார்கள்.

உரு கட்டும் ஆசாரிகள் காகிதத்தில் படம் வரைந்து வேலை செய்வதில்லை. தலைமை ஆசாரியின் மனதில்தான் கப்பல் இருக்கும். எந்தப் பலகை எங்கே வளைய வேண்டும், எத்தனை முழம் வர வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இப்போது கட்டப்படும் உருவில் எஞ்சின் உண்டு. ஆனால் பழைய உரு காற்றால் ஓடியது. அதற்குப் பாய் வேண்டும். பாயைத் தாங்க ஒரு கழி வேண்டும். அந்தக் கழியைத் தாங்க நெடிய மரம் வேண்டும். அந்த நெடிய மரம்தான் பாய்மரம். பாயைத் தாங்கும் குறுக்குக் கழிக்குப் பருமல் என்று பெயர்.

பெரிய உரு கட்டும் வேலை எப்போதும் கிடைப்பதில்லை. ஆகவே பேப்பூரில் சிலர் சிறிய உரு செய்கிறார்கள். அது பெரிய உருவைப் போலவே இருக்கும். அளவு மட்டும் சிறியது. இதை மாதிரிக் கப்பல் என்கிறோம். மக்கள் இதை வாங்கி வீட்டில் வைக்கிறார்கள். விருந்தினருக்குப் பரிசாகவும் தருகிறார்கள்.

மாதிரிக் கப்பலில் முதலில் உடைவது எது? பாய்மரம்தான். பாய்மரம் முறிந்த கப்பலை யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள். இரண்டு வார உழைப்பும் ஒரு நொடியில் வீணாகிறது.

முறியாத பாய்மரம் செய்வது எப்படி? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

2. நோட்டுப் புத்தகம் சொன்ன சேதி

பேப்பூரில் ஒரு மூத்த ஆசாரி. அவர் இளமையில் பெரிய உரு கட்டியவர். வயதான பிறகு வீட்டுத் திண்ணையில் மாதிரிக் கப்பல் செய்தார். அவருடைய தங்கை மகள் அவருக்கு உதவியாக இருந்தாள். அவள் தொடர் கல்வி மையத்தில் எழுதப் படிக்கக் கற்றவள். அளவுகோல் பார்க்கவும், கணக்கு எழுதவும் அங்கேதான் பழகினாள்.

ஒரு முறை பத்துக் கப்பல்களை ஒரு கடைக்கு லாரியில் அனுப்பினார்கள். நான்கு கப்பல்களில் பாய்மரம் முறிந்துவிட்டது. கடைக்காரர் நான்கையும் திருப்பி அனுப்பினார். ஒரு கப்பலின் விலை 1,500 ரூபாய். நான்கு கப்பலுக்கு 6,000 ரூபாய். அந்த மாதம் அரிசிக் கடையில் கடன் சொல்ல வேண்டியதாயிற்று.

"லாரிக்காரன் தூக்கிப் போட்டிருப்பான்" என்றார் மாமா.

"இருக்கலாம் மாமா. ஆனால் ஆறு கப்பல் முறியாமல் போயிருக்கிறதே? அதே லாரிதானே?" என்றாள் மருமகள்.

மாமா பதில் சொல்லவில்லை.

அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். முறிந்த கப்பல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எங்கே முறிந்தது என்று எழுதினாள்.

முதல் கப்பல்: தளத்தின் ஓரத்தில் முறிந்தது.
இரண்டாம் கப்பல்: தளத்தின் ஓரத்தில் முறிந்தது.
மூன்றாம் கப்பல்: உச்சியில், கயிற்றுக்காகப் போட்ட துளையில் முறிந்தது.
நான்காம் கப்பல்: தளத்தின் ஓரத்தில் முறிந்தது. சாய்வாகப் பிளந்திருக்கிறது.

எழுதியதை மாமாவிடம் படித்துக் காட்டினாள்.

"மாமா, மூன்று கப்பல் ஒரே இடத்தில் முறிந்திருக்கிறது. லாரி ஆடினால் எங்கே வேண்டுமானாலும் முறியலாமே? ஏன் ஒரே இடம்?"

மாமா முறிந்த மரங்களைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ எழுதியது சரிதான் மோளே" என்றார். மலையாளத்தில் 'மோளே' என்றால் மகளே என்று பொருள். "இது லாரியின் குற்றம் மட்டும் அல்ல. நம் வேலையிலும் குறை இருக்கிறது."

3. மாதிரிக் கப்பலுக்குப் பகை எது?

பெரிய கப்பலின் பாய்மரத்துக்குப் பகை காற்று. மாதிரிக் கப்பலுக்குக் காற்று பகை அல்ல. கைதான் பகை.

கப்பலைத் தூக்குகிறவர் பாய்மரத்தைப் பிடித்துத் தூக்குவார். தூசி தட்டும்போது துணி அதில் மாட்டும். குழந்தை விரலால் இழுத்துப் பார்க்கும். பெட்டியில் வைத்தால் மூடி அழுத்தும்.

கப்பலை நாற்பதில் ஒரு பங்காகச் சிறிதாக்கினோம். பாய்மரமும் நாற்பதில் ஒரு பங்காக மெலிந்தது. ஆனால் அதைப் பிடிக்கும் கை சிறிதாகவில்லை. அதே பெரிய கைதான். இதை மறக்கக் கூடாது.

பருமனுக்கும் வலுவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே மரத்தில் செய்த இரண்டு உருண்டைக் கழிகளை எடுத்துக் கொள்வோம். ஒன்று 10 மி.மீ. பருமன். மற்றொன்று 8 மி.மீ. பருமன். வளைத்தால் எது எவ்வளவு தாங்கும்? பருமனை மூன்று முறை பெருக்கிப் பார்க்க வேண்டும்.

10 × 10 × 10 = 1,000
8 × 8 × 8 = 512

அதாவது 2 மி.மீ. குறைத்தால் வலு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது! 5 மி.மீ. ஆகக் குறைத்தால்?

5 × 5 × 5 = 125

எட்டில் ஒரு பங்கு வலுதான் மிஞ்சும். "அழகாக இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் சீவுவோம்" என்று கை போகும். அப்போது இந்தக் கணக்கை நினைத்துக் கொள்ள வேண்டும்.

4. அளவு விகிதம்

பெரிய கப்பலின் எல்லா அளவுகளையும் ஒரே எண்ணால் வகுத்தால் மாதிரிக் கப்பலின் அளவு கிடைக்கும். இதற்கு அளவு விகிதம் என்று பெயர். நாற்பதால் வகுத்தால் 1:40 என்று எழுதுவோம். இதை 'ஒன்றுக்கு நாற்பது' என்று படிக்க வேண்டும்.

நாற்பதால் வகுப்பது எளிது. முதலில் பத்தால் வகுக்கவும். பிறகு நான்கால் வகுக்கவும்.

எடுத்துக்காட்டாக, ஒரு கப்பலின் நீளம் 24 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். 24 மீட்டர் என்பது 2,400 செ.மீ. பத்தால் வகுத்தால் 240. நான்கால் வகுத்தால் 60. ஆகவே மாதிரிக் கப்பலின் நீளம் 60 செ.மீ.

அதன் பாய்மரத்துக்கும் இப்படியே கணக்குப் போடலாம்.

பாய்மரத்தின் முழு நீளம்: 16 மீட்டர். மாதிரியில் 40 செ.மீ.
அடிப் பருமன்: 40 செ.மீ. மாதிரியில் 1 செ.மீ. அதாவது 10 மி.மீ.
உச்சிப் பருமன்: 20 செ.மீ. மாதிரியில் அரை செ.மீ. அதாவது 5 மி.மீ.

முழு நீளம் என்பது கப்பலுக்கு உள்ளே மறைந்திருக்கும் பகுதியையும் சேர்த்துத்தான்.

மருமகள் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது மாமா சிரித்தார். "நான் விரலால் அளந்து சொல்வதைத்தான் நீ எண்ணால் சொல்கிறாய்" என்றார். அவர் தன் கைவிரலை வைத்துக் காட்டினார். அடியில் ஒரு விரல் பருமன். உச்சியில் அரை விரல். இரண்டு கணக்கும் ஒத்துப் போயின.

5. மரம் பார்த்து எடுப்பது

பாய்மரத்துக்கு எந்த மரம் நல்லது? அது நேராக இருக்க வேண்டும். வளைந்தாலும் திரும்பி நிமிர வேண்டும். முடிச்சு இருக்கக் கூடாது. நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் புன்னை இனத்தைச் சேர்ந்த நெடிய மரங்கள் வளர்கின்றன. அந்தக் காலத்தில் பெரிய கப்பல்களின் பாய்மரத்துக்கு அவை பெயர் பெற்றவை. ஆங்கிலேயர் அவற்றைப் 'பூன்' மரம் என்று அழைத்தார்கள்.

மாதிரிக் கப்பலுக்குத் தேக்குத் துண்டே போதும். பெரிய வேலையில் மிஞ்சிய துண்டுகள் மரக்கடையில் கிடைக்கும். ஆனால் எல்லாத் துண்டும் ஆகாது. ரேகையைப் பார்க்க வேண்டும்.

மரத்தில் நீளமாகக் கோடுகள் ஓடும். அவைதான் ரேகை. மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை ரேகை காட்டும். ரேகை அடியிலிருந்து உச்சி வரை நேராக ஓட வேண்டும். அப்போது நார் முழு நீளத்துக்கும் தொடர்ந்து இருக்கும். ரேகை சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால் நார் பாதியில் அறுந்துவிடுகிறது. அந்த இடத்தில் மரம் சாய்வாகப் பிளந்து முறியும். நான்காம் கப்பலில் நடந்தது அதுதான்.

"ரம்பம் ரேகையைப் பார்க்காது மோளே. நாம் கோடு போட்ட வழியில் அறுத்துக் கொண்டு போகும். நாரையும் அறுத்துவிடும்" என்றார் மாமா.

"அப்படியானால் என்ன செய்வது மாமா?"

"பிளக்க வேண்டும். வெட்டுக்கத்தியை மரத்தின் தலையில் வைத்து மெல்லத் தட்டு. மரம் தன் ரேகையில் தானே பிளக்கும். அப்படிக் கிடைத்த கழியில் நார் அறுபடாது."

பிளந்த கழி கோணலாக வந்தால், அந்த மரம் பாய்மரத்துக்கு ஆகாது என்று தெரிந்து கொள்ளலாம். அதைச் சிறு பாகங்களுக்கு வைத்துக் கொள்ளலாம்.

சிறிய கப்பலுக்கு மூங்கில் நல்லது. 15 செ.மீ. நீளக் கப்பல் என்றால் பாய்மரம் மிகவும் மெலிதாக இருக்கும். அதைத் தேக்கில் செய்தால் நிற்காது. மூங்கிலில் செய்யலாம். மூங்கிலின் வெளிப்பக்கத்தில்தான் நார் நெருக்கமாக இருக்கிறது. உள்பக்கத்தைச் சீவி எடுத்துவிட்டு வெளிப்பக்கத்தை வைத்துக் கொள்ள வேண்டும். கணு இல்லாத பகுதியாக எடுக்க வேண்டும்.

எடுத்த கழியைச் சோதிப்பது எப்படி? இரண்டு செங்கல்லின் மேல் கழியைப் படுக்க வைக்கவும். நடுவில் நூல் கட்டி ஒரு சிறு பையைத் தொங்க விடவும். பையில் கொஞ்சம் கொஞ்சமாக மணல் போடவும். கழி வளையும். மணலை எடுத்ததும் அது நேராக நிமிர்ந்தால் நல்ல கழி. வளைந்தே நின்றாலோ, 'டிக்' என்று ஓசை கேட்டாலோ அதை ஒதுக்கிவிடவும்.

6. சதுரம், எட்டுப் பட்டை, உருண்டை

முதலிலேயே உருண்டையாகச் சீவக் கூடாது. சீவினால் ஓரிடம் மெலியும், ஓரிடம் தடிக்கும். படிப்படியாகச் செய்ய வேண்டும்.

முதல் படி: 12 மி.மீ. சதுரக் கழி எடுக்கவும். நீளம் 40 செ.மீ.

இரண்டாம் படி: கழியை 10 மி.மீ. சதுரமாக இழைப்புளியால் இழைக்கவும். அடியிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போடவும். இந்தக் கோடு வரை 10 மி.மீ. மாறக் கூடாது. கோட்டுக்கு மேலே ஒரே சரிவாக இழைத்துக் கொண்டு போகவும். உச்சியில் 5 மி.மீ. சதுரமாக முடியட்டும். நான்கு பக்கமும் ஒரே அளவு இழைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழைத்தால் மரம் வளையும்.

மூன்றாம் படி: சதுரத்தை எட்டுப் பட்டை ஆக்கவும். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு பக்கத்தின் அகலத்தைப் பத்துப் பங்காக்கவும். 3, 4, 3 என்று குறிக்கவும். 10 மி.மீ. பக்கத்தில் 3 மி.மீ., 4 மி.மீ., 3 மி.மீ. என்று வரும். உச்சியில் 5 மி.மீ. பக்கம். அங்கே ஒன்றரை, இரண்டு, ஒன்றரை என்று வரும். குறிகளைப் பென்சில் கோட்டால் இணைக்கவும். பிறகு நான்கு மூலைகளையும் கோடு வரை இழைத்து எடுக்கவும். இப்போது எட்டுப் பட்டைகள் கிடைக்கும். எட்டும் ஏறத்தாழ ஒரே அகலம் இருக்கும்.

நான்காம் படி: எட்டு மூலைகளையும் லேசாக இழைக்கவும். பதினாறு பட்டைகள் ஆகும். இப்போது கழி உருண்டை போலத் தெரியும்.

ஐந்தாம் படி: உப்புத்தாளால் தேய்க்கவும். முதலில் முரட்டுத் தாள், பிறகு மெல்லிய தாள். கடைசித் தேய்ப்பு ரேகையின் வழியே நீளமாக இருக்கட்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும்.

வேலை செய்யும்போது அடிக்கடி அளந்து பாருங்கள். கண்ணுக்கு அருகே பிடித்து நீளமாக நோக்குங்கள். வளைவு இருந்தால் உடனே தெரியும்.

7. நடுவதுதான் முக்கியம்

மூன்று கப்பல் தளத்தின் ஓரத்தில் முறிந்தது அல்லவா? காரணம் என்ன?

பாய்மரத்தின் உச்சியைத் தள்ளினால் அது கடப்பாரை போல வேலை செய்யும். தளத்தின் துளை அதற்கு ஊன்று இடம். வளைவின் அழுத்தம் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஆகவே அங்கேதான் முறியும்.

முன்பு அவர்கள் தளத்தில் 1 செ.மீ. ஆழத்துக்குத் துளை போட்டார்கள். பசை தடவிப் பாய்மரத்தை நட்டார்கள். துளையில் நுழைவதற்காக அடிப்பாகத்தைச் சுற்றிலும் செதுக்கி மெலிதாக்கினார்கள். அதாவது, எங்கே வலு அதிகம் வேண்டுமோ அங்கேயே மெலிதாக்கிவிட்டார்கள்!

ஒரு கணக்குப் பார்ப்போம். பாய்மரம் தளத்துக்கு மேல் 34 செ.மீ. நிற்கிறது. உச்சியை 100 கிராம் அளவுக்குத் தள்ளுகிறோம்.

உள்ளே 1 செ.மீ. மட்டும் இருந்தால், அடிமுனை எவ்வளவு அழுத்தும்?
100 × 34 ÷ 1 = 3,400 கிராம். அதாவது மூன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

உள்ளே 6 செ.மீ. இருந்தால்?
100 × 34 ÷ 6 = ஏறத்தாழ 567 கிராம். அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம்.

100 கிராம் தள்ளினாலே ஆழமில்லாத துளையில் இவ்வளவு அழுத்தம்! பசை எப்படித் தாங்கும்? தளத்துப் பலகை எப்படித் தாங்கும்?

"பெரிய உருவில் பாய்மரம் தளத்தில் நிற்காது மோளே. தளத்தைத் துளைத்துக் கொண்டு கீழே போகும். கப்பலின் அடிமரத்தில் போய் உட்காரும். இது எனக்குத் தெரியும். சின்னக் கப்பல்தானே என்று விட்டுவிட்டேன்" என்றார் மாமா.

நடும் முறை இதுதான்.

ஒன்று: கப்பலின் அடிமரத்தில் ஒரு கெட்டியான கட்டையை ஒட்டவும். அதில் 6 மி.மீ. சதுரக் குழி எடுக்கவும். தளத்தை மூடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

இரண்டு: பாய்மரத்தின் அடிமுனையில் மட்டும் 6 மி.மீ. சதுரக் கொழுந்து செதுக்கவும். கொழுந்தின் நீளம் அரை செ.மீ. போதும். குழியும் சதுரம், கொழுந்தும் சதுரம். ஆகவே பாய்மரம் திரும்பாது.

மூன்று: தளத்தில் வட்டத் துளை போடவும். பாய்மரத்தின் பருமனைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். துளையின் விளிம்பை உப்புத்தாளால் மழுக்கவும். கூரான விளிம்பு மரத்தைக் கடிக்கும்.

நான்கு: தளத்தைத் தொடும் இடத்தில் பாய்மரத்தைச் செதுக்கவே கூடாது. முழுப் பருமனும் இருக்க வேண்டும். இடைவெளியில் மெல்லிய தோல் துண்டைச் சுற்றி இறுக்கவும். பெரிய கப்பலில் இந்த இடத்தில் ஆப்பு அடிப்பார்கள்.

ஐந்து: உருவின் பாய்மரம் செங்குத்தாக நிற்காது. சற்று முன்பக்கம் சாய்ந்து நிற்கும். இந்தச் சாய்வை ஓர் அட்டையில் வெட்டி வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் அந்த அட்டையை வைத்துப் பார்த்து நடுங்கள்.

8. துளை வேண்டாம், கட்டு போதும்

மூன்றாம் கப்பல் உச்சித் துளையில் முறிந்தது. உச்சியின் பருமன் 5 மி.மீ. அதில் 2 மி.மீ. துளை போட்டார்கள். இரண்டு பக்கமும் மிச்சம் இருப்பது ஒன்றரை மி.மீ. மட்டும். அது எப்படி நிற்கும்?

கயிறு கட்டத் துளை தேவை இல்லை. நூலில் ஒரு வளையம் செய்யுங்கள். வளையத்தைப் பாய்மரத்தோடு சேர்த்து வைத்து, நூலை நெருக்கமாகப் பத்துச் சுற்று சுற்றுங்கள். மேலே மரப்பசை தடவுங்கள். இது மரத்தை அறுக்காது. சுற்றிப் பிடித்து மேலும் வலுவாக்கும்.

பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கக் கயிறு வேண்டும். பக்கத்துக்கு இரண்டு கயிறு போதும். அவை பாய்மரத்துக்குச் சற்றுப் பின்னால் இறங்கி, கப்பலின் விளிம்பில் கட்டப்படும்.

கயிற்றை ஒரு பக்கம் முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போகக் கூடாது. இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். ஒரு பக்கம் அதிகம் இறுகினால் பாய்மரம் வளைந்துவிடும். சில மாதங்களில் அந்த வளைவு நிலைத்துவிடும்.

பருத்தி நூல் ஈரக் காற்றில் ஒரு விதமாகவும், வெயிலில் ஒரு விதமாகவும் இருக்கும். கட்டுவதற்கு முன் நூலைத் தேன்மெழுகில் இழுங்கள். ஈரம் எளிதில் ஏறாது. நூல் பிசிறும் அடங்கும்.

வார்னிஷ் பூசும்போது பாய்மரத்தின் எல்லாப் பக்கமும் பூச வேண்டும். ஒரு பக்கம் விட்டால் அந்த வழியே ஈரம் ஏறும். மரம் கோணும். நடுவதற்கு முன்பே பூசுவது நல்லது. கொழுந்தில் பசை ஒட்ட வேண்டும் என்றால் அங்கே மட்டும் பூசாமல் விடலாம்.

தூரத்துக்கு அனுப்பும் கப்பலில் பாய்மரத்தைப் பசையால் ஒட்டாமல் விடலாம். கழற்றித் துணியில் சுற்றி, கப்பலின் பக்கத்தில் படுக்க வைத்து அனுப்பலாம். வாங்கியவர் சதுரக் குழியில் செருகிக் கயிற்றைக் கட்டினால் போதும். எப்படிச் செருகுவது என்று ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். மருமகள் அந்தத் தாளைத் தன் கையால் எழுதினாள்.

அடுத்த முறை பத்துக் கப்பல் போயின. ஒன்றில் மட்டும் பருமல் கீறியிருந்தது. பாய்மரம் பத்தும் முழுதாக இருந்தன. கடைக்காரர் முழுப் பணமும் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மாமா ஒரு வேலை செய்தார். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து, தான் கட்டிய பெரிய உருக்களின் அளவுகளைச் சொன்னார். மருமகள் எழுதிக் கொண்டாள். அதுவரை அந்த அளவுகள் ஒரு மனிதரின் நினைவில் மட்டும் இருந்தன.

9. கடற்படையும் மாதிரி செய்தது

மாதிரி செய்வது விளையாட்டு வேலை அல்ல. பெரிய கப்பல் கட்டுகிறவர்களும் மாதிரி செய்து பார்க்கிறார்கள்.

அஜந்தா குகையில் ஒரு பழைய கப்பலின் ஓவியம் இருக்கிறது. அது 5-ஆம் நூற்றாண்டுக் கப்பல் என்கிறார்கள். அதைப் பார்த்து ஒரு கப்பல் கட்ட முடிவானது. அந்தக் காலக் கப்பல்களில் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் சேர்த்தார்கள். அதே முறையில் கேரளத் தச்சர்கள் கோவாவில் இந்தக் கப்பலைத் தைத்தார்கள். அதன் பெயர் கௌண்டின்யா.

பழைய வரைபடம் எதுவும் இல்லை. கப்பல் கடலில் எப்படி ஓடும் என்று தெரிய வேண்டும். ஆகவே மாதிரி செய்து சோதித்தார்கள். சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இந்தச் சோதனையில் கடற்படைக்கு உதவியது. மரப் பாய்மரம் தாங்குமா என்று கடற்படை தனியாகக் கணக்கிட்டுப் பார்த்தது.

2025 மே மாதம் கார்வாரில் இந்தக் கப்பல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. 2025 டிசம்பரில் குஜராத்தின் போர்பந்தரிலிருந்து ஓமன் நாட்டின் மஸ்கட் நகரை நோக்கிப் பாய் விரித்துப் புறப்பட்டது.

தச்சரின் கைத்திறனும் எழுதிய கணக்கும் சேர்ந்துதான் அந்தக் கப்பல் உருவானது.

10. நினைவில் கொள்ள வேண்டியவை

ரேகை நேராக ஓடும் மரத்தை எடுங்கள்.
அறுப்பதைவிடப் பிளப்பது நல்லது.
சதுரம், எட்டுப் பட்டை, பதினாறு பட்டை, உருண்டை என்று படிப்படியாகச் செய்யுங்கள்.
தளத்தின் ஓரத்தில் மரத்தை மெலிதாக்காதீர்கள்.
பாய்மரத்தை அடிமரம் வரை இறக்குங்கள்.
துளைக்குப் பதில் நூல் கட்டுப் போடுங்கள்.
உடைந்தால் எங்கே உடைந்தது என்று எழுதி வையுங்கள்.

சொல்லும் பொருளும்

உரு – பேப்பூரில் கட்டும் மரக் கப்பல்
பாய்மரம் – பாயைத் தாங்கும் நெடிய மரம்
பருமல் – பாய் கட்டும் குறுக்குக் கழி
ரேகை – மரத்தில் நார் ஓடும் கோடு
அளவு விகிதம் – பெரிய பொருளுக்கும் மாதிரிக்கும் உள்ள அளவுக் கணக்கு
கொழுந்து – குழியில் நுழையச் செதுக்கிய முனை

பயிற்சி

விடை எழுதுங்கள்.
1. சாலியாறு எங்கே கடலில் கலக்கிறது?
2. மூன்று கப்பல்களில் பாய்மரம் எந்த இடத்தில் முறிந்தது? ஏன்?
3. பாய்மரத்தின் அடிமுனையை ஏன் சதுரமாகச் செதுக்க வேண்டும்?

கணக்குப் போடுங்கள்.
1. ஒரு பாய்மரத்தின் நீளம் 12 மீட்டர். 1:40 மாதிரியில் அதன் நீளம் எவ்வளவு?
2. பாய்மரம் தளத்துக்கு மேல் 30 செ.மீ. உள்ளே 5 செ.மீ. உச்சியை 100 கிராம் தள்ளினால் அடிமுனை எவ்வளவு அழுத்தும்?
3. 10 மி.மீ. கழியை 6 மி.மீ. ஆகச் சீவினால் வலு எவ்வளவு குறையும்? பருமனை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்.

(விடை: 1. 30 செ.மீ. 2. 600 கிராம். 3. 1,000 பங்கு 216 பங்காகக் குறையும்.)

செய்து பாருங்கள்.
உங்கள் வீட்டில் அடிக்கடி உடையும் பொருள் எது? துடைப்பக் கட்டையா, மண்வெட்டிக் காம்பா, குடைக் கம்பியா? அது எந்த இடத்தில் உடைகிறது என்று பாருங்கள். தேதி போட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். மூன்று முறை எழுதிய பிறகு மையத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து காரணம் பேசுங்கள்.